ஓட்டக் கடிகாரம்: வாங்கிய பிறகு

ரெம்பாவ் வட்டாரத் தோட்டங்களில் பொழுது புலர்வதற்கு முன்பே நாள் தொடங்கிவிடும். இரப்பர் மரங்கள் நிறைந்திருந்த காலத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு மணி அடிப்பார்கள். பெயர் கூப்பிடும்போது ஆள் அங்கே நிற்க வேண்டும். வீட்டில் கடிகாரம் இல்லாதவர்களுக்கும் அந்த மணிதான் நேரம். இன்று அந்நிலத்தில் பல இடங்கள் செம்பனையாக மாறிவிட்டன. அதே செம்மண் சாலைகளில் இடைநிலைப்பள்ளி மாணவர்கள் குறுக்கோட்டப் பயிற்சி செய்கிறார்கள். அவர்களுள் சிலரின் மணிக்கட்டில் இருக்கும் கடிகாரம் நேரத்தோடு ஓடிய தூரம், வேகம், இதயத் துடிப்பு ஆகியவற்றையும் காட்டுகிறது.

பாடநூல் பணிக்காக அப்பக்கம் சென்றிருந்தபோது நான்காம் படிவ மாணவி ஒருவர் தம் கடிகாரத்தை என்னிடம் காட்டினார். அவர் பள்ளியின் நெடுந்தூர ஓட்டக்காரர். கடிகாரத்தின் வார் அறுந்திருந்தது. மின்னூட்டக் கம்பியைப் பொருத்தினாலும் திரையில் ஒளி வரவில்லை.

“ஐயா, வாங்கிப் பதினான்கு மாதம்தான் ஆகிறது. உத்தரவாதம் ஓராண்டுக்குத்தானாம். இனி யாரிடம் கேட்பது?”

விலை 650 ரிங்கிட். தோட்டத்தில் வேலை செய்யும் அவருடைய தந்தை சேமித்து வாங்கிக் கொடுத்தது. 2025இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட் என்பதை நினைத்துப் பார்த்தால், ஒரு மாத உழைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அந்த மணிக்கட்டில் இருந்தது. மாணவி கேட்ட ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருந்தன. கடிகாரம் ஏன் இவ்வளவு விரைவில் கெட்டது? கெட்ட பிறகு அதற்குப் பொறுப்பு யார்?

கடிகாரத்தின் உறுதி என்றதும் பலர் நினைப்பது அது கீழே விழுந்தால் உடையுமா என்பதைத்தான். அப்படி நினைப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. ஜப்பானின் கசியோ நிறுவனப் பொறியாளர் கிக்குவோ இபே, தம் தந்தை தந்த கடிகாரம் கீழே விழுந்து உடைந்ததைக் கண்டு, விழுந்தாலும் உடையாத கடிகாரம் ஒன்றைச் செய்ய 1981ஆம் ஆண்டில் முனைந்தார். மாதிரிகளைச் செய்து அலுவலகக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக் கழிவறைச் சன்னல் வழியே கீழே போட்டுப் பார்த்தார். 200க்கும் மேற்பட்ட மாதிரிகள் செய்யப்பட்டன. பூங்காவில் சிறுமி ஒருத்தி பந்தைத் தரையில் தட்டி விளையாடுவதைப் பார்த்தபோதுதான் அவருக்கு வழி புலப்பட்டது. பந்தின் ஓடு அடிபட்டாலும் அதன் நடுப்பகுதிக்கு அதிர்ச்சி செல்வதில்லை. அதேபோல் கடிகாரத்தின் இயக்கப் பகுதியை உறைக்குள் சில புள்ளிகள் மட்டும் தொடும்படி மிதக்கவிட்டார். 1983இல் அது ஜி-ஷாக் என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது.

நம் மாணவியின் கடிகாரம் எங்கும் விழவில்லை. அதன் கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. ஓட்டக் கடிகாரம் அடிபட்டுச் சாவதைவிட மெல்ல நோயுற்றுச் சாவதே அதிகம் என்பது என் எண்ணம். நோயைத் தருபவை வியர்வை, வெப்பம், ஈரம் ஆகியவையே. மூன்றுக்கும் நம் ஊரில் பஞ்சமில்லை.

முதலில் வாரைப் பார்ப்போம். விலை குறைந்த கடிகாரங்களின் வார் பெரும்பாலும் பாலியூரித்தேன் போன்ற நெகிழியால் ஆனது. நெகிழி என்பது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் தொகுப்பு. ஈரப்பதமும் வெப்பமும் சேர்ந்த இடத்தில் நீர் அச்சங்கிலியை ஆங்காங்கே அறுக்கிறது. இதனை நீராற்பகுப்பு என்பர். அலமாரியில் பல ஆண்டுகள் கிடந்த விளையாட்டுக் காலணியை எடுத்து அணிந்த முதல் நாளே அதன் அடிப்பாகம் உதிர்ந்துவிடுவதைக் கண்டிருப்பீர்கள். அதற்கும் காரணம் இதுவே. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் அது முதுமையடைகிறது. இயற்கை இரப்பருக்கும் முதுமை உண்டு. காற்றிலுள்ள ஆக்சிசனும் ஓசோனும் அதில் வெடிப்புகளை உண்டாக்கும். பால்மரத்தோடு வாழ்ந்த தோட்டத்துப் பெரியவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. சிலிக்கான் வார் வெப்பத்தையும் ஈரத்தையும் நன்றாகத் தாங்கும். ஆனால், சிறு கிழிசல் விழுந்தால் அது விரைவில் பெரிதாகிவிடும்.

வார் அறுவது பெரிய குற்றமில்லை, மாற்று வார் எளிதில் கிடைக்குமானால். 20 அல்லது 22 மில்லிமீட்டர் அகலமும் சாதாரணச் சுருள்வில் ஊசியும் கொண்ட கடிகாரத்திற்கு ரெம்பாவ் பட்டணத்துக் கடையிலேயே வார் மாற்றலாம். தனக்கென்று தனி வடிவப் பூட்டு வைத்திருக்கும் கடிகாரத்திற்கு அந்த நிறுவனத்தின் வாரே வேண்டும். அவர்கள் அதைச் செய்வதை நிறுத்திவிட்டால், நன்றாக ஓடும் கடிகாரத்தையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஓட வேண்டும்.

வாரில் கண்ணுக்குத் தெரியும் முதுமை, கடிகாரத்தின் உள்ளே தெரியாமல் நடக்கிறது. பின்மூடியின் விளிம்பிலும் பொத்தான்களின் அடியிலும் மெல்லிய இரப்பர் வளையங்கள் உள்ளன. நீர் உள்ளே புகாமல் காப்பவை அவைதாம். கடிகாரத்தில் ‘50 மீட்டர்’ என்றோ ‘5 ஏ.டி.எம்.’ என்றோ பொறித்திருப்பார்கள். அதைப் பார்த்து 50 மீட்டர் ஆழம் மூழ்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. அவ்வளவு ஆழத்தில் அசையாத நீர் தரும் அழுத்தத்தைத் தாங்கும்படி அந்தக் கடிகாரம் செய்யப்பட்டது என்பதே அதன் பொருள். ஈராண்டு வியர்வைக்கும் சவர்க்காரத்திற்கும் பிறகும் அவ்வாறே இருக்கும் என்று அந்த எண் உறுதி சொல்லவில்லை. பயிற்சி முடிந்து பெடாஸ் வெந்நீர் ஊற்றுக்குச் செல்லும்போது கடிகாரத்தைக் கழற்றிவிடுவது நல்லது. சூட்டில் உலோகம், நெகிழி, இரப்பர் ஆகிய மூன்றும் வெவ்வேறு அளவில் விரிவடைகின்றன. அப்போது உண்டாகும் நுண்ணிய இடைவெளியில் நீராவி நுழைந்துவிடும்.

உயரத்தைக் காட்டும் கடிகாரங்களில் இன்னொரு சிறு துளையும் உண்டு. ரெம்பாவ் ஓட்டக்காரர்கள் பலர் குனோங் டத்தோ ஏறியிருப்பார்கள். ஏறத்தாழ 880 மீட்டர் உயரமுள்ள அம்மலையில் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். கடிகாரம் அத்துளையின் வழியே காற்றழுத்தத்தை அளந்து உயரத்தைக் கணக்கிடுகிறது. உலர்ந்த வியர்வை உப்பும் மண்ணும் துளையை அடைத்துவிட்டால், மலையுச்சியில் நிற்பவருக்குக் கடிகாரம் அடிவாரத்தைக் காட்டும். சேவை மையத்துக்கு ஓட வேண்டியதில்லை. குழாய் நீரில் மெதுவாக அலசி உலர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மாணவியின் கடிகாரத்துக்கு வந்த உண்மையான நோய் வேறிடத்தில் இருந்தது. பின்பக்கத்தில் மின்னூட்டத்துக்கான நான்கு சிறு உலோகப் புள்ளிகள் இருந்தன. அவற்றில் இரண்டின்மீது பச்சை நிறத்தில் களிம்பு படர்ந்திருந்தது. பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்ததும், குளிப்பதற்கு முன்பே கடிகாரத்தைக் கழற்றி அப்படியே கம்பியில் மாட்டிவிடுவாராம். வியர்வை வெறும் நீரன்று; உப்பு நீர். உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். ஈரமான புள்ளிகளில் மின்னோட்டம் பாயும்போது மின்பகுப்பு நிகழ்ந்து, மேற்பூச்சு கரைந்து, அடியிலுள்ள உலோகம் அரிக்கப்படுகிறது. அறிவியல் ஆய்வகத்தில் மின்பகுப்புச் சோதனை செய்த மாணவர்களுக்கு இது தெரிந்த செய்திதான். ஆனால், வீட்டுக்கு வந்ததும் அது யாருக்கு நினைவில் இருக்கிறது? நானும் ஒரு கடிகாரத்தை இப்படித்தான் கெடுத்தேன்.

அடுத்தது மின்கலம். இதில் பலர் கவனிக்காத ஒரு கணக்கு உள்ளது. இலித்தியம்-அயனி மின்கலம் எத்தனை ஆண்டு பழையது என்பதோடு, எத்தனை முறை நிரம்பிக் காலியானது என்பதும் முக்கியம். பொதுவாக 300 முதல் 500 முழுச் சுற்றுகளுக்குப் பிறகு அதன் கொள்ளளவு தொடக்கத்தில் இருந்ததில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்காகக் குறையும். நாள்தோறும் மின்னூட்ட வேண்டிய கடிகாரம் ஓராண்டில் 365 சுற்றுகளை முடித்துவிடும். 500ஐ எட்ட ஒன்றரை ஆண்டுகூட ஆகாது. வாரம் ஒரு முறை மின்னூட்டினால் போதும் என்னும் கடிகாரத்துக்கு ஆண்டுக்கு 52 சுற்றுகள்தாம். 300ஐ எட்டவே ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எனவே, விளம்பரத்தில் ‘மின்கலம் ஏழு நாள் வரும்’ என்பதை வசதிக்கான செய்தியாக மட்டும் படிக்காதீர்கள். அது கடிகாரத்தின் ஆயுளைப் பற்றிய செய்தியும்கூட. வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் கடிகாரத்தை விட்டுச்சென்றால் இந்தக் கணக்கும் பொய்த்துவிடும். வெப்பம் மின்கலத்தை விரைந்து முதுமையாக்கும்.

சாதாரணக் கடிகாரத்தில் மின்கலம் தீர்ந்தால் கடைக்காரர் பின்மூடியைத் திறந்து சில நிமிடங்களில் மாற்றித் தருவார். ஓட்டக் கடிகாரங்கள் பலவற்றில் மின்கலம் உள்ளே ஒட்டப்பட்டோ பற்றவைக்கப்பட்டோ இருக்கும். திறந்தால் நீர்க்காப்பு போய்விடும். அதனால், உத்தரவாதம் முடிந்த கடிகாரத்தைப் பழுதுபார்ப்பதற்குப் பதிலாக, ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு புதுப்பிக்கப்பட்ட வேறொரு கடிகாரத்தைத் தரும் நிறுவனங்களும் உள்ளன. இதைக் குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்தத் தொகை எவ்வளவு என்பதை வாங்கும் முன்பே கேட்டறிவது நல்லது. கேட்பவர் மிகச் சிலரே.

இதுவரை சொன்னவை கையால் தொடக்கூடிய பாகங்கள். ஓட்டக் கடிகாரத்துக்குத் தொட முடியாத பாகங்களும் உண்டு. நீங்கள் ஓடிய பாதை திறன்பேசிச் செயலிக்குச் சென்று, அங்கிருந்து நிறுவனத்தின் கணினிகளுக்குச் செல்கிறது. 2020 சூலை 23ஆம் நாள் கார்மின் நிறுவனத்தின் கணினிகள், தரவுகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நச்சுநிரலின் தாக்குதலுக்கு உள்ளாயின. சில நாள்களுக்கு உலகெங்கும் உள்ள ஓட்டக்காரர்கள் தங்கள் பதிவுகளைச் செயலியில் ஏற்ற முடியவில்லை. ஆனால், கடிகாரங்கள் நிற்கவில்லை. அவை பதிவுகளைத் தமக்குள்ளேயே சேமித்துக்கொண்டன. அந்தச் சில நாள்கள் பலருக்கு ஒன்றை உணர்த்தின. கம்பி வழியாகக் கணினியில் இணைத்துக் கோப்பை எடுக்க முடிகிற கடிகாரம், செயலியை மட்டுமே நம்பியிருக்கும் கடிகாரத்தைவிடப் பாதுகாப்பானது.

பெபிள் கடிகாரத்தின் கதை இதைவிடக் கடுமையானது. 2012இல் பொதுமக்களிடமே நிதி திரட்டி ஒரு கோடி அமெரிக்க டாலருக்கு மேல் பெற்ற அந்நிறுவனம் 2016 திசம்பரில் மூடப்பட்டது. அதன் கணினிச் சேவைகள் 2018 சூன் மாதத்தோடு நின்றன. கடிகாரங்கள் பழுதாகவில்லை, அவற்றுக்குப் பின்னால் இருந்தவர்கள்தாம் இல்லாமல் போயினர். பிறகு, ரெபிள் என்னும் தன்னார்வலர் குழு மாற்றுச் சேவையை உருவாக்கி அவற்றை வாழ வைத்தது.

இதனோடு இந்தியாவின் எச்.எம்.டி. கடிகாரங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு இணைந்து 1961இல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய அரசு நிறுவனம் அது. 2016இல் அதன் கடிகாரப் பிரிவை மூட இந்திய அரசு முடிவு செய்தது. ஆயினும், சாவி கொடுத்து ஓடும் அதன் கடிகாரங்களைப் பழுதுபார்ப்போர் இன்னும் இருக்கின்றனர். பற்சக்கரத்தை இன்னொரு பழைய கடிகாரத்திலிருந்து எடுத்துப் பொருத்தலாம். எந்தக் கணினியின் அனுமதியும் அதற்குத் தேவையில்லை. ஓட்டக் கடிகாரம் செய்யும் வேலைகளில் பத்தில் ஒன்றைக்கூட அது செய்யாது என்பதும் உண்மைதான்.

விற்பனைக்குப் பின் தரும் சேவை என்பது பழுதுபார்ப்பு மட்டுமன்று என்பதற்கு இன்னோர் எடுத்துக்காட்டு புவியிடங்காட்டிச் செயற்கைக்கோள்கள். அமெரிக்காவின் ஜி.பி.எஸ். அமைப்பு அனுப்பும் பழைய வகைச் சமிக்ஞையில் வாரங்கள் 0 முதல் 1,023 வரை எண்ணப்பட்டு, மீண்டும் 0க்குத் திரும்புகின்றன. 2019 ஏப்ரல் 6ஆம் நாள் அவ்வாறு திரும்பியபோது, நிறுவனம் மென்பொருளைப் புதுப்பிக்காத சில பழைய கருவிகள் இருபது ஆண்டுகளுக்கு முந்திய தேதியைக் காட்டின. எங்கும் விழாமல், நனையாமல், மேசையிலேயே இருந்த கருவியும் இப்படிக் கெடலாம்.

இனி, மாணவியின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஓராண்டு உத்தரவாதம் முடிந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்பதுதான் பெரும்பாலோர் எண்ணம். நம் நாட்டுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, வணிகர் விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. தரம் எதுவென விளக்கும் இடத்தில் நீடித்து உழைத்தலும் சேர்க்கப்பட்டுள்ளது. பொருளின் தன்மை, விலை, உறையில் எழுதப்பட்ட கூற்றுகள் ஆகியவற்றைக் கொண்டு நியாயமான பயனீட்டாளர் என்ன எதிர்பார்ப்பார் என்பதே அளவுகோல். 30 ரிங்கிட் கடிகாரத்திடம் எதிர்பார்ப்பதும் 650 ரிங்கிட் கடிகாரத்திடம் எதிர்பார்ப்பதும் ஒன்றல்ல. 37ஆம் பிரிவு இன்னும் நேராகப் பேசுகிறது: பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகங்களும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். இதற்கு விலக்கும் உண்டு. அவ்வசதி கிடைக்காது என்று வாங்கும்போதே பயனீட்டாளருக்குத் தெரிவித்துவிட்டால் இக்கடமை பொருந்தாது. அதனால்தான், பெட்டிக்குள் இருக்கும் பொடி எழுத்துத் தாளைத் தூக்கி எறியக் கூடாது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்பால் சட்டம் தந்த உரிமையைப் பறிக்க முடியாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பேசித் தீராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். வழக்கறிஞர் தேவையில்லை. சிக்கல் எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் கோரிக்கையைப் பதிய வேண்டும். வயது நிரம்பாதவர் சார்பில் பெற்றோரோ காப்பாளரோ முன்னிற்கலாம்.

ஆயினும், கோரிக்கையை யார்மீது பதிவது என்பது வாங்கிய இடத்தைப் பொறுத்தது. ஒரே கடிகாரம் அதிகாரப்பூர்வ விநியோகிப்பாளரிடம் ஒரு விலைக்கும், வெளிநாட்டிலிருந்து நேரடியாகக் கொண்டுவருபவரிடம் அதைவிடக் குறைந்த விலைக்கும் கிடைக்கும். பின்னதை வாங்கினால் உள்நாட்டுச் சேவை மையம் அதனை ஏற்க மறுக்கலாம்; வெளிநாட்டு விற்பனையாளரை நடுவர் மன்றத்துக்கு அழைப்பதும் எளிதன்று. வணிகர் அல்லாத தனியாரிடம் பழைய கடிகாரத்தை வாங்கினால் இச்சட்டம் துணைக்கு வராது. குறைந்த விலையில் வாங்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. அந்த விலைக் குறைவுக்காக நாம் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அன்று மாலை மாணவி, அவருடைய தந்தை, நான் ஆகிய மூவரும் பட்டணத்தில் உள்ள கடிகாரக் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்திப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

“தங்கச்சி, வேர்வையோடு மாட்டினாயா?”

“ஆமாம் அண்ணே.”

அவர் பழைய பல்துலக்கியை ஆல்கஹாலில் தோய்த்துப் புள்ளிகளைத் தேய்த்தார். துடைத்தார். மீண்டும் தேய்த்தார். கம்பியைப் பொருத்திய கால்மணி நேரத்திற்குப் பிறகு திரையில் மின்கலக் குறி தோன்றியது. புது வாருக்கு மட்டும் பணம் பெற்றுக்கொண்டார். “உள்ளே திறக்க என்னால் முடியாது அண்ணே, அது கம்பெனி வேலை” என்று தந்தையிடம் சொன்னார்.

கடிகாரம் இப்போது 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குத் தாங்குகிறது. அதற்கு மேல் பாதியிலேயே அணைந்துவிடுகிறது. பதினான்கு மாதத்தில் மின்கலம் இவ்வளவு குறைந்தது நியாயமா என்று கேட்டு விற்பனையாளருக்கு எழுத மாணவி முடிவு செய்தார். மின்னூட்டப் புள்ளிகள் அரித்ததில் தம் பங்கும் உண்டு என்பதை மறைக்காமல் எழுதுவதா வேண்டாமா என்று சற்று நேரம் யோசித்தார். எழுதுவது என்று தீர்மானித்தார். கடிதத்தை மலாயில் எழுதி, வரிவரியாகத் தமிழில் தந்தைக்குப் படித்துக் காட்டினார். இரசீது பத்திரமாக இருந்தது. பிறப்புச் சான்றிதழ்கள் வைத்திருந்த பிசுகோத்து டின்னிலிருந்து தந்தை அதை எடுத்து வந்து, கடிதத்தோடு இணைப்பதற்கு நகல் ஒன்று எடுக்கச் சொன்னார்.